இடது கையில் ஏற்றிய ரத்தம்

எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவல்டி சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்டது, ரத்தம் தெறித்தாலும் துடைத்துவிடலாம். கழுத்திலோ காரை எலும்புப் பக்கமோ குத்துப்பட்டு ஒருவர் வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பதினொரு வரி. ஏழாவது வரி இது: காயம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக் கையில் டிரிப் போடாதே.

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்காகக் கேக் வெட்டினார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: செல்வம் அண்ணன் இத்தனை வருஷத்தில் ஒரு நரம்பைக்கூடத் தவற விட்டதில்லை. கைதட்டினார்கள். கேக் தட்டோடு வெளியே வந்தபோது, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன் குமார் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, மத்ததெல்லாம் புரியுது. ஏழாவது எதுக்கு? எந்தக் கையா இருந்தா என்னா? ரத்தம் ஒடம்புக்குத்தானே போகுது?"

"புக்குல இருக்கும், படி லா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டு எடுக்கப் போய்விட்டேன்.

அவனுக்குச் சொல்லாத பதில்தான் இது. ஆனால் அவனுக்காக இதை எழுதவில்லை. கிள்ளானில் மணியம் என்று ஒருவர் இருக்கிறார். லோரி ஓட்டியவர். வருஷத்துக்கு ஒரு முறை அவர் வீட்டில் நான் இலை போட்டுச் சாப்பிடுகிறேன். அவரிடம் ஒரு விஷயத்தை இருபது வருஷமாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் சொல்லியே தீருவது என்று போனேன், முடியவில்லை. இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்குப் போகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ராசிபலனிலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பார். படிக்கட்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்தேன், டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை, மூன்று வருஷம் ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட் பயிற்சிக்குப் போனேன். தோட்டத்து ஆட்கள் எங்களை 'டிரஸர்' என்பார்கள். எழுபதுகளில் ஆங்கிலம் பேசுகிற, கிருதா வைத்த, பெல்பாட்டம் போட்ட டிரஸர் எப்படி இருப்பான்? டாக்டர்களைவிட நாலு மடங்கு அதிகமாகத் தெரிந்தவன் மாதிரி இருப்பான். நான் அப்படித்தான் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். கிள்ளான் ஆறு ஓடுகிற பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு வித்தை தெரியும். ஊசி போட நரம்பு கண்டுபிடிப்பது. ரத்தம் வடிந்து நரம்பெல்லாம் சுருங்கிப் போனவர், வீங்கிய கர்ப்பிணி, எழுபது வயதுச் சீனக் கிழவர், யாராக இருந்தாலும் விரல் நுனியால் இரண்டு முறை தட்டுவேன், ஊசி உள்ளே போய்விடும். பயிற்சி டாக்டர்கள் மூன்று முறை குத்திப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வருவார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போவேன். 'நரம்பு செல்வம்' என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அரை அடி உயரம் கூடும்.

எங்கள் சர்ஜன் பெயர் சிவபாலன். சர்ஜன்களை 'டாக்டர்' என்று கூப்பிடக் கூடாது, 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். மிஸ்டர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது, வீடு எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ். வேலையில் ஆங்கிலம்தான் பேசுவார். தமிழில் பேசினால் விஷயம் மோசம் என்று அர்த்தம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மேல் உடம்பில் அடிபட்டு யார் வந்தாலும் காயத்தை முதலில் பார்க்க மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு நொடி நிற்பார், தலைமாட்டுக்கு வருவார், நோயாளியின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு நாடியும் ஒன்றுபோல் அடிக்கிறதா, ஒன்று பிந்துகிறதா, ஒன்று இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பார். கைலாகு கொடுத்து மாப்பிள்ளை அழைக்கிற மாதிரி இருக்கும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்து காட்டிச் சிரிப்போம். மிக நன்றாகச் செய்து காட்டியவன் நான்.

ஒரு தடவை நான் லீவில் இருந்தபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்குக் கண்ணாடிப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை நழுவி, கீழே பிடித்துக்கொண்டிருந்தவரின் கழுத்தைச் சீவிவிட்டது. ரத்தம் எதிர்ச்சுவர் வரைக்கும் பாய்ந்தது. நான் ஓடிப் போய்க் கட்டைவிரலைக் காயத்துக்குள் வைத்து, பின்கழுத்து எலும்போடு சேர்த்து அழுத்தினேன். ரத்தம் நின்றது. அகப்பட்ட வேனில் ஏற்றி, அந்த விரலை எடுக்காமலேயே எங்கள் ஆஸ்பத்திரி ஆப்பரேஷன் தியேட்டர் வரைக்கும் போனேன். மிஸ்டர் சிவபாலன் மேலும் கீழும் தமனியைப் பிடித்துக் கிடுக்கி போட்ட பிறகுதான் "இனி எடும்" என்றார். அந்த ஆள் பிழைத்தார்.

கை கழுவும்போது கேட்டார். "பெருவிரல் மரத்துப் போச்சுதோ?"

"ஆமா, மிஸ்டர்."

"நல்லது. ஆனால் பெரிய ஆள் எண்டு நினைக்க வேண்டாம். கழுத்துக்குப் பின்னால எலும்பு இருக்கு, அதோட வைச்சு அழுத்தினீர். இரண்டு விரல் கீழ, காரை எலும்புக்குப் பின்னால வெட்டு விழுந்தால் எதோட வைச்சு அழுத்துவீர்? கையுக்குப் போற பெரிய குழாய் எல்லாம் அங்கதான் போகுது. அது வேற கதை. வியாழக்கிழமை ரெண்டு மணிக்குச் சொல்லித் தாறன், வாரும்."

வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நான் பங்சாரில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரரைக் காப்பாற்றியவனுக்கு வகுப்பு எதற்கு?

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மதியம் ரெண்டரை மணி. லோரி யார்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் அடிதடி. மீன் அறுக்கிற ஒல்லிக் கத்தி. இரண்டு பேருக்குக் காயம். ஒருவனுக்குக் கையில் வெட்டு, அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்னொருவர் தியாகு, லோரி டிரைவர், முப்பது வயது இருக்கும். இடது காரை எலும்புக்குச் சற்று மேலே குத்து. காயம் சட்டைப் பொத்தான் துளை அளவுதான். பாயவில்லை. கறுப்பாக, நிதானமாக ஊறிக்கொண்டிருந்தது. பாயாததைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது. என் முதல் தப்பு அந்த நிம்மதி.

யார் யாரைக் குத்தியது என்று தெரியாததால் போலீஸ் இரண்டு பேரையும் பிடித்திருந்தது. தியாகுவின் வலது மணிக்கட்டில் விலங்கு. அதன் மறுமுனை ஸ்ட்ரெட்சரின் தலைமாட்டுக் கம்பியில். கை முறுக்கிக்கொண்டு மேலே கிடந்தது. வலி வரும்போதெல்லாம் சங்கிலியை இழுத்தார்.

நான் கத்தரியை எடுத்தேன்.

"டிரஸரண்ணே, சட்டைய வெட்டாத லா. புது சட்டை. பொண்டாட்டி இல்லாதவன், யாரு தச்சிக் குடுப்பா?"

"பொழச்சி வா, நானே வாங்கித் தரேன்."

"நீ வாங்குனா பெல்பாட்டம்தான் வாங்குவ."

பயிற்சி டாக்டர் ஒரு சீனப் பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் துணியை மடித்துக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருவர் மிஸ்டர் சிவபாலன் வீட்டுக்குப் போன் போட ஓடினார். டிரிப் என் வேலை.

கான்ஸ்டபிளிடம் விலங்கைக் கழற்றச் சொன்னேன். வயதான மலாய்க்காரர், நல்ல மனிதர்தான். சாவி சார்ஜண்டிடம், சார்ஜண்ட் போலீஸ் நிலையத்தில் என்று கையை விரித்தார். "தா போலே, டிக், தா போலே." முடியாது, தம்பி, முடியாது. நான் சண்டை போட்டிருக்கலாம், சார்ஜண்டுக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏனென்றால் இடது கை சும்மா கிடந்தது. லோரி ஸ்டியரிங் திருப்பித் திருப்பி முறுக்கேறிய கை. முழங்கை மடிப்பில் கயிறு மாதிரி ஒரு நரம்பு. அந்த மாதிரி நரம்பைப் பார்த்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். இருப்பதிலேயே பெரிய ஊசியை எடுத்தேன். ஒரே குத்து. பயிற்சி டாக்டர் பார்த்தாரா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

உப்புத் தண்ணீர் இரண்டு பாட்டில் கடகடவென்று இறங்கியது. வலது கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தேன். எழுபது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அறுபத்தைந்து. இடது மணிக்கட்டில் நாடி பார்த்தேன், கிடைக்கவில்லை. பிரஷர் இறங்கியதால் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலது மணிக்கட்டில் விலங்கு மூடியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறவர் அங்கே இல்லை. கேலி செய்கிறவன்தான் இருந்தான்.

பயிற்சி டாக்டர் கைக்கடியில் இருந்த துணியைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார், ஏன் ரத்தம் இவ்வளவு வெளிறி வருகிறது என்று. துணி ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது.

"டிரிப் ஓடுதில்ல டாக்டர், ரத்தம் நீர்த்துப் போகும்" என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"அண்ணே, இந்தக் கை மட்டும் குளிருது" என்றார் தியாகு.

"டிரிப் போற கை அப்படித்தான் குளிரும்."

ரத்த அறைக் குளிர்பெட்டியில் இருந்தது இரண்டே பாட்டில். அதையும் ஏற்றினேன்.

"இப்ப நெஞ்சுக்குள்ள குளிருது அண்ணே. சில்லுன்னு எறங்குது."

"ஐஸ் பெட்டி ரத்தம் லா. அப்படித்தான்."

அந்த நேரத்தில் ஒரு லோரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்னால் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். முன்னால் இறங்கியவர் மணியம். யார்டில் எல்லாருக்கும் மூத்தவர், நாற்பது வயது, தோள் கதவு அகலம்.

"ரத்தம் வேணும்னாங்க. எங்க படுக்கணும்?"

பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ரத்தம் பொருந்தியது. மணியத்துக்கு நான்தான் ஊசி போட்டேன்.

"ரெண்டு பாட்டில் எடு டிரஸரே."

"ஒண்ணுதான் அண்ணே எடுக்கலாம். ரெண்டு எடுத்தா நீங்க விழுந்துருவீங்க."

"விழுந்தா தூக்கி விட அவன் இருக்கான். எடு லா. அப்புறம் பொழச்சி வந்து எனக்கு ரெண்டாத் திருப்பிக் குடுக்கட்டும்."

ஒன்றுதான் எடுத்தேன். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி அவர் பெயரை எழுதினேன். கையில் பிடித்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. கொண்டுபோய்க் கம்பியில் மாட்டி, தியாகுவின் காதருகே குனிந்து சொன்னேன்.

"இது மணியண்ணன் ரத்தம்."

"ஐயோ. அந்தாளு பாதி பீரு லா."

தியாகுவின் உதடு அதற்குள் வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இப்ப சூடா எறங்குது அண்ணே. உள்ள. நல்லா இருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரத்தம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆறு பாட்டிலில் நாலு இறங்கி முடிந்தபோது மிஸ்டர் சிவபாலன் வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வர ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. கால்மாட்டில் ஒரு நொடி நின்றார். தலைமாட்டுக்கு வந்தார். இடது மணிக்கட்டைப் பிடித்தார். வலது மணிக்கட்டில் விலங்கு. அதற்குள் இடமில்லை. இரும்புக்கும் தோலுக்கும் நடுவே தன் விரலைத் திருகித் திருகி நுழைத்தார், விரல் தோல் உரிந்தது. கண்ணை மூடினார். திறந்தார். அவர் பார்வை கம்பியில் தொங்கிய பாட்டிலில் இருந்து குழாய் வழியாக இறங்கி, இடது முழங்கைக்கு வந்து நின்றது.

எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. இன்னும் நிற்கிறது.

அவரே ஊசியை உருவிப் போட்டார். "காலில போடும்" என்றார், தமிழில்.

கணுக்காலில் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

தியேட்டர் கதவருகே சார்ஜண்ட் சாவியோடு வந்து சேர்ந்தார். விலங்கைக் கழற்ற அரை நிமிஷம் ஆனது.

தியேட்டரில் எனக்கு உறிஞ்சும் ஜாடியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மிஸ்டர் சிவபாலன் காரை எலும்பை ஒட்டி வெட்டி, எலும்பை அறுத்துத் திறந்து, மார்பின் இடது பக்கத்துக்குள் குழாயை விட்டார். முதல் ஜாடி கறுப்பாக நிறைந்தது. இரண்டாவது சிவப்பாக. மூன்றாவது வெளிறி, தண்ணீராக. ஜாடிகளை மாற்றி மாற்றி நான்தான் வைத்தேன். நான் ஏற்றியது எல்லாம் அங்கே இருந்தது. குமார், உன் ஏழாவது வரி இதுதான். கையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகிற நரம்பு காரை எலும்புக்குப் பின்னால்தான் போகிறது. கத்தி தமனியோடு அதையும் கிழித்திருந்தது. இடது கையில் விட்ட ஒவ்வொரு சொட்டும் அந்தக் கிழிசல் வரைக்கும் போய் வெளியே கொட்டியது. காயத்தின் வழியாகக் கொஞ்சம். நெஞ்சுக்கூட்டுக்குள் மீதி. நுரையீரலை நசுக்கிக்கொண்டு அங்கேயே தேங்கி நின்றது. தண்ணீர், ஐஸ் பெட்டி ரத்தம், மணியம் ரத்தம், எல்லாம். இதயத்துக்கு ஒன்றும் போகவில்லை.

இதயம் நின்றது. மிஸ்டர் சிவபாலன் அதைக் கையில் பிடித்துப் பிசைந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைச் சொன்னார்.

கை கழுவும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏன் இடது கை?"

"வலது கையில விலங்கு, மிஸ்டர். கைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு."

"விலங்கு காலிலயும் இருந்ததோ?"

நான் சோப்பை எடுத்துக் கையைத் திரும்பவும் தேய்த்தேன்.

"ரெண்டு கால் இருந்ததே, தம்பி."

என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். தண்ணீரை மூடினார். தோல் உரிந்த விரலைத் துடைத்துக்கொண்டார்.

"வலது கையிலயோ கால்லயோ போட்டிருந்தா பொழச்சிருப்பாரா, மிஸ்டர்?"

"தெரியாது."

"அவங்க ஆளுங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"சொல்லி? வெளியில ஆறு பேர் கையில பஞ்சை வைச்சுக்கொண்டு நிக்கினம். அவையளுக்கு அது ஒண்டுதான் மிச்சம். அதையும் எடுக்கப் போறீரோ?"

ஆப்பரேஷன் குறிப்பில் அவர் எழுதியதைப் பிறகு படித்தேன். நெஞ்சுக்கூட்டில் இவ்வளவு ரத்தம், இவ்வளவு நீர். டிரிப் எந்தக் கையில் என்று எழுதவில்லை. முன்பக்கத்தில் என் கையெழுத்தில் அது தெளிவாக இருந்தது: இடது கை. அதைத் திருத்தவும் இல்லை, சுட்டிக்காட்டவும் இல்லை. விசாரணை நடந்தது. யாரும் அந்தப் பக்கத்தை என்னிடம் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேஷுவல்டியில் அவர் டைப் அடித்து ஒட்டிய தாளில் ஒரே வரிதான்: காரை எலும்புக் காயம், டிரிப் காலில். யாரையும் அவர் திட்டவில்லை. சக ஊழியர் ஒருவர் தன் நோட்டைக் காட்டினார். எட்டு மாதத்துக்கு முந்தைய வியாழக்கிழமை வகுப்பில் எழுதிக்கொண்டது. அதே வரி அதில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோது ஆறு பேரும் முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு மிஸ்ஸி சொல்லியிருந்தார். மணியம் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"எங்க ரத்தம் அவனுக்குள்ள போச்சா, டிரஸரே?"

"போச்சு அண்ணே."

மறுநாள் சுடுகாட்டுக்குப் போனேன். தியாகுவுக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, கல்யாணம் ஆகவில்லை. ஒரு அம்மாதான், செமினியில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். கொள்ளி வைக்க யார் என்று பண்டாரம் கேட்டார். தூரத்து மாமன் ஒருவர் முன்னால் வந்தார். மணியம் அவரை ஒதுக்கவில்லை, கும்பிட்டுத்தான் சொன்னார்.

"மாமா, கோவிச்சிக்காதீங்க. என் ரத்தம் அவன் ஒடம்புல இருக்கு. நான்தான் இப்ப அவனுக்குக் கூடப் பொறந்தவன். நான் வைக்கிறேன்."

அம்மா தலையாட்டினார். ரத்தம் கொடுத்த ஆறு பேரும் மொட்டை போட்டுக்கொண்டார்கள். மணியம் பானையைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தார். நான் பின்னால் ஒரு மரத்தடியில் நின்றேன். "டிரஸரே, வாங்க, நீங்களும் வாய்க்கரிசி போடுங்க, கடைசி வரைக்கும் கூட இருந்தவரு" என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போட்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் வேலை பார்த்தேன். கழுத்து, மேல் நெஞ்சுக் காயங்கள் எத்தனையோ வந்தன. பாராங் கத்தி வெட்டு, மோட்டார்சைக்கிள் விபத்து, உடைந்த பாட்டில். எல்லாருக்கும் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தேன், எனக்குப் பின்னால் யாராவது செய்து காட்டிச் சிரித்திருப்பார்கள். எல்லாருக்கும் காலில் போட்டேன். அப்படியும் பெரும்பாலோர் இறந்தார்கள். ஒவ்வொருவர் இறக்கும்போதும் எனக்குள் ஒரு கேடுகெட்ட ஆறுதல் எட்டிப் பார்க்கும்: பார், சரியாகச் செய்தாலும் போய்விடுகிறார்கள், தியாகுவும் எப்படியும் போயிருப்பார். யாராவது பிழைத்துவிட்டால் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது. உயிர்கள் பிழைப்பதைப் பார்த்துப் பயப்படுகிற ஒருவனுக்குத்தான் கேக் வெட்டினார்கள். மிஸ்டர் சிவபாலன் ஓய்வு பெற்று, சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

மணியம் வருஷம் தவறாமல் தியாகுவுக்குத் திதி கொடுக்கிறார். அம்மா இறந்த பிறகும் நிறுத்தவில்லை. அவருடைய சொந்த அப்பாவுக்கு மறந்தாலும் மறப்பார். நான் போகாமல் இலை போட மாட்டார்கள். ஒரு வருஷம் டூட்டி என்று பொய் சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கே டிபன் கேரியரோடு வந்துவிட்டார்.

இந்த வருஷம் போகும்போது மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோள் சுருங்கிவிட்டது, சர்க்கரை வியாதி. ஆறு பேரில் இப்போது இருப்பது அவரும் இன்னொருவரும்தான்.

"ரிட்டயர் ஆயாச்சாமே. இனிமே யாரு லா எங்களுக்கு ஊசி போடுறது?"

"மணியண்ணே, ஒண்ணு சொல்லணும். தியாகு விஷயம்."

"சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைக் கையைச் சுருட்டி, வலது முழங்கை மடிப்பைக் காட்டினார். தோல் தொங்கிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் விரலைச் சரியான இடத்தில் வைத்திருந்தார்.

"இதோ, இங்கதான் எடுத்தீங்க. வலிக்கவே இல்ல. பேரப்புள்ளைங்ககிட்ட இதக் காட்டித்தான் சொல்லுவேன், இங்கேர்ந்து உங்க சின்னத் தாத்தாவுக்குப் போச்சுடான்னு. இத்தன வருஷமா கேக்கணும்னு நெனைப்பேன், டிரஸரே. அவனுக்கு எந்தக் கையில ஏத்துனீங்க?"

உள்ளே இலை போடும் சத்தம் கேட்டது.

"எடது கையில" என்றேன்.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தன் இடது மார்பில் உள்ளங்கையை வைத்துத் தட்டினார்.

"அதான பாத்தேன். நெஞ்சுக்குக் கிட்ட."

சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இலையில் தியாகுவுக்குப் பிடித்த கணவாய் மீன் சம்பல் வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு வாங்கியும் சாப்பிட்டேன்.

மணியண்ணே, உங்கள் ரத்தம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் கொட்டிப் போயிற்று. அவருக்கு இரண்டு கால் இருந்தது. நான் பார்க்கவில்லை.